முகாம் மாத்திரை

கதிரவன் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றிவிட்டால் வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது. யாரும் என்றால் வேறு யார், அவன் அம்மா வள்ளித்தாய் ஒருத்திதான். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றுவிடுவாள். மகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, இடது கையை மேசைமேல் நீட்டியிருப்பான். பின்தெருவில் காலண்டர் அடிக்கும் ஆப்செட் மெஷின் கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்து பொத்தானை அமுக்குவான். பட்டி புஸ்ஸென்று உப்பி, கையை இறுக்கிப் பிடித்து, பிறகு மெல்ல மெல்ல விடும்.

"எம்புட்டுய்யா?"

"நூத்தி இருபத்தெட்டு."

"நல்லதா?"

"நல்லதுதாம்மா. இங்கன இருக்கையில எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அதுதான் சங்கதி. திருத்தங்கலில், அம்மா வீட்டில், குழம்பு வாசனையில் ஒழுங்காக இருக்கிற ரத்தம், டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் நூற்று அறுபதுக்கு எகிறிவிடுகிறது. ஏறக்கூடாது ஏறக்கூடாது என்று அவன் நினைக்க நினைக்க அது ஏறுகிறது. குதிரையாக இருந்தால் கடிவாளத்தைப் பிடிக்கலாம். ரத்தத்தை எங்கே பிடிப்பது?

சாதாரண வேலையில் இருப்பவன் என்றால் இதற்கெல்லாம் யார் கவலைப்படப் போகிறார்கள்? ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். கதிரவன் ஓட்டுவது விமானம். துணை விமானி. அரசாங்க உதவித்தொகையில் படித்து, ராத்திரி பகலாகக் கண் விழித்து, அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தவன். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வள்ளித்தாய் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் மேலே மதுரைப் பக்கமாக எந்த விமானம் போனாலும், பெண்கள் அண்ணாந்து பார்த்து, "மதினி, ஒங்க மகன் போறாரு, கைகாட்டுங்க" என்பார்கள். அது அவன் ஓட்டும் விமானமாக இருக்காது என்று வள்ளித்தாய்க்கும் தெரியும். ஆனாலும் கைகாட்டுவாள். ஒருவேளை இருந்துவிட்டால்?

இப்போது அவன் எதையும் ஓட்டவில்லை. வருஷாந்திர உடல் பரிசோதனையில் பிரஷர் கூடியிருக்கிறது என்று தற்காலிகமாகப் பறக்கத் தடை போட்டுவிட்டார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறை, நட, நன்றாகத் தூங்கு, உடம்பு மாத்திரைக்குப் பழகியபின் வந்து காட்டு என்று அனுப்பியிருந்தார். சொன்னதையெல்லாம் அவன் அப்படியே செய்தான். விடிகாலையில் திருத்தங்கல் மலைக்கோயிலைச் சுற்றி நடந்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் விட்டான். வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவதையே வள்ளித்தாய் நிறுத்திவிட்டாள். தாயும் மகனும் சப்பென்று சாப்பிட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

தெருவில்தான் வாயை அடைக்க முடியவில்லை. நடந்துவிட்டுத் திரும்பினால் டீக்கடையில் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

"என்ன தம்பி, ரொம்ப நாளா லீவு போல? பிளேனு நீங்க இல்லாம எப்பிடி ஓடுது?"

"ஓடுதுண்ணே, ஓடுது" என்று சிரித்துக்கொண்டே வருவான். வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டியைச் சுற்றிப் பார்த்தால் நூற்று நாற்பத்தைந்து. அந்த டீக்கடைக்காரனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்று வள்ளித்தாய்க்குக் கை துறுதுறுக்கும். அவன் பாவம், பாசத்தில்தான் கேட்கிறான். பாசக்காரர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகனிடம் கேட்டே விட்டாள்.

"தலைவலிங்குறியா, இல்ல. மயக்கமா, அதுவும் இல்ல. பெறகு எதுக்குய்யா ஓட்டக்கூடாதுங்குறாக?"

"மேல போயிட்டு இருக்கையில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு மட்டுமாம்மா? பின்னால ஒரு ஊரே ஒக்காந்துருக்கும்."

அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. வெடிமருந்து செலுத்தும் அறையில் ஒருத்திக்குக் கிறுகிறுத்து விழுந்தால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் சேர்ந்துதான் போவார்கள். "சரிதான். இந்தத் தடவையும் ஏறுச்சுன்னா?"

கதிரவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "கேப்டன் ஆக்குற பட்டியல்ல என் பேரு இருக்கு. இந்தத் தடவை பாஸ் ஆகலைன்னா அது போயிரும். பெறகு பெரிய ஆஸ்பத்திரி, மேல்சோதனைன்னு இழுத்துக்கிட்டே போகும். கம்பெனி எத்தனை மாசம் பொறுக்கும்? எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதும்மா."

அவ்வளவுதான் சொன்னான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் என்றால் ஈரத்துணி போடலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஏறி இறங்கும் ஒன்றை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அன்று ராத்திரியே நேர்ந்துகொண்டாள்.

ஆனால் ஆத்தாளிடம் மட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள்.

பட்டாசுக் கம்பெனியில் சீசன் தொடங்கும் முன் மருத்துவ முகாம் போடுவார்கள். டாக்டர் வந்து ஒவ்வொருவர் கையிலும் பட்டியைச் சுற்றுவார். பிரஷர் இருந்தால் வெடிமருந்து அறைக்குள் விடமாட்டார்கள், லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கூலி அரைவாசிதான். அதற்குப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அரசாங்கத்தில் மாதாமாதம் வீடு தேடி வந்து கொடுக்கிற பிரஷர் மாத்திரையைத் தினமும் போடமாட்டார்கள். தினமும் போட்டால் உடம்பு பழகிப்போகும், முகாம் அன்றைக்குக் கேட்காது என்று அவர்களுக்குள் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை. அரிசி டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, முகாமுக்கு முந்தின ராத்திரி ஒன்று, விடிந்ததும் ஒன்று. பிரஷர் பேசாமல் இறங்கிவிடும். இதற்கு முகாம் மாத்திரை என்றே பெயர். சங்கிலிமுத்து, வள்ளித்தாயின் புருஷன், படுத்த படுக்கையில் பேச்சுமூச்சில்லாமல் போய்ச் சேர்ந்தபிறகு, மகன் படிப்புக்காக அவள் விடாமல் அந்த அறையில் உட்கார்ந்தது இந்த மாத்திரையின் தயவில்தான். அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும், சும்மா இருக்க மனசில்லாமல் அங்கேயேதான் போய்க்கொண்டிருந்தாள். மகனுக்கு இது தெரியாது. அம்மா லேபிள் ஒட்டுகிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த யோசனையை அவள் காதில் போட்டது பக்கத்து அறையில் வேலை பார்க்கும் பாண்டிமீனா.

"மதினி, நீங்க எதுக்கு இம்புட்டு மருகுதீக? அவுக டாக்டரு என்ன வானத்துலருந்தா குதிச்சாரு? அங்கனயும் அதே பட்டிதான, அதே மெஷின்தான?"

"அவன் ஏற்கெனவே ஒண்ணு போடுதானே."

"அது தெனப்படி போடுத மாத்திரை. அது என்னத்தக் கேக்கும்? நம்ம மாத்திரைதான் எடுத்த எடுப்புல அமுக்கும்."

வள்ளித்தாய் மகனிடம் ஒருதரம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். "கூட ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா என்னய்யா?"

கதிரவன் கடுகடுத்துவிட்டான். "ஐயோ, அது மட்டும் ஆகாதும்மா. அவரு எழுதுனதைத் தவிர வேற எதையும் நான் தொடக்கூடாது. சில மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓட்டவே கூடாதுன்னு சட்டம். தெரிஞ்சே போட்டா அது ஏமாத்து."

தெரிஞ்சே போட்டா. அந்தச் சொல்லை வள்ளித்தாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தெரிந்து போட்டால்தானே ஏமாற்று? தெரியாமல் உள்ளே போனால் அவன்மேல் என்ன குற்றம்? பாவம் என்று ஒன்று இருந்தால் அது போட்டவள் தலையில் விடியட்டும். பெற்றவளுக்கு இதைவிட நியாயமான கணக்கு உலகத்தில் உண்டா?

பரிசோதனை மதுரையில். முந்தின ராத்திரி, மகன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அரிசி டப்பாவிலிருந்து மாத்திரைகளை எடுத்துத் தம்ளர் அடியால் நுணுக்கி முருங்கைக்கீரைச் சாற்றில் கலக்கினாள். முகாமுக்கு என்றால் வேளைக்கு ஒன்று போதும். ஆனால் இது பெரிய உத்தியோகத்துக்கான சோதனை, ஆளும் வாட்டசாட்டமாக இருக்கிறான், ஒன்று எந்த மூலைக்கு என்று இரண்டிரண்டாகப் போட்டாள். விடிகாலையிலும் அதே சாறு, அதே அளவு. டப்பாவில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். எல்லாம் தீர்ந்துவிட்டது. போகட்டும், முகாமுக்குள் அடுத்த மாதத்து மாத்திரை வந்துவிடும்.

"என்னம்மா, இன்னைக்கு இந்தக் கசப்புக் கசக்குது?"

"முத்துன கீரைய்யா. கண்ணை மூடிக்கிட்டுக் குடி. பிரஷருக்கு நல்லதாம்."

நல்ல பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

மதுரைக்குப் பேருந்தில்தான் போனார்கள். கார் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னதற்கு, கார் சாவியைக் கண்டாலே தெருவில் பத்துப் பேர் எங்கே எங்கே என்பார்கள் என்று அவள்தான் தடுத்தாள். விருதுநகர் தாண்டுவதற்குள் கதிரவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். முந்தின தடவை போனபோது ராத்திரி முழுக்கப் புரண்டவன், இப்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். வள்ளித்தாய்க்கு மனசு குளிர்ந்தது. இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான்.

"எந்திரிச்சதும் கண்ணைக் கட்டுதும்மா."

"வெறும் வயிறுல்ல. முடிச்சுட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிடலாம்."

டாக்டர் வெள்ளைத்துரை விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, உரத்த குரல். "வாங்க தம்பி, அம்மாவும் வந்திருக்காங்களா, நல்லதாப் போச்சு" என்று அவளையும் உள்ளே ஓரமாக உட்கார வைத்தார். பட்டியைச் சுற்றினார். கதிரவன் பாதத்தைத் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டான். வள்ளித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பட்டி உப்பியது, இறுக்கியது, விட்டது.

"நூத்திப் பன்னெண்டு!" என்றார் டாக்டர். "அடேங்கப்பா! அம்மா கைச் சாப்பாடு வேலை செஞ்சிருச்சு போல."

கதிரவன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அம்மாவை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த அன்றைக்குச் சிரித்தானே, அதே சிரிப்பு. வள்ளித்தாய்க்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆத்தா இருக்கன்குடியாளே, நீ கண் திறந்துட்டே தாயே! பாண்டிமீனாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"இன்னும் ஒரு சோதனைதான் தம்பி. மெஷின்ல கொஞ்சம் ஓடிக் காட்டிருங்க, கையெழுத்துப் போட்டுரலாம்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அந்த ஓடும் மெஷின் இருந்தது. மகன் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஏற்றிவிட்டார்கள். பட்டை நகர்ந்தது, அவன் நடந்தான். வேகம் கூடியது, ஓடினான். வள்ளித்தாய் மகன் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "என்னது இது, ஓட ஓடத் துடிப்பு ஏறவே மாட்டேங்குதே. நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பட்டை நின்றது. கதிரவன் இறங்குவதற்குக் காலை எடுத்து வைத்தான். அந்தக் கால் தரையில் நிற்கவில்லை. முழங்கால் மடங்கி, முகம் வெளுத்து, அறுத்துப் போட்ட வாழையாகச் சரிந்து, மெஷின் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டு விழுந்தான்.

"ஐயோ எம் புள்ள!"

அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர்கள் அவனைப் படுக்கையில் போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்து, ஊசி குத்தி, பாட்டில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தான். நெற்றியில் கோடாக வழிந்திருந்த ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டார்கள்.

டாக்டரின் உரத்த குரல் இறங்கிப்போயிருந்தது. "தம்பி, பிரஷர் எண்பதுக்கு வந்துருச்சு. வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல சார். நீங்க எழுதுனது மட்டும்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா சார். எங்கம்மா மேல சத்தியம்."

வள்ளித்தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா சிக்கல்தான். பிரஷர் இருந்தா மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்திப் பறக்க விடலாம், எத்தனையோ பேர் பறக்குறாங்க. காரணம் தெரியாம மயங்கி விழுற ஆளை மறுபடி அந்தச் சீட்டுல உக்கார வைக்க யாரு சம்மதிப்பாங்க? இருதயம், மூளைன்னு எல்லாம் பாக்கணும். எத்தனை நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. நடக்குமான்னும் சொல்ல முடியாது."

"ஐயா!" என்றாள் வள்ளித்தாய். "காரணம் இருக்குய்யா. நான்தான்யா காரணம்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அரிசி டப்பா, தம்ளர், கீரைச் சாறு, ராத்திரி, காலை. மாத்திரையின் பெயர் அவளுக்குத் தெரியாது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து வெறும் அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது துடிப்பையும் சேத்து அமுக்குற மாத்திரை. அதான் துடிப்பு ஏறலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியாதுய்யா. ஆத்தா மேல ஆணை, அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. இப்பக் காரணம் தெரிஞ்சு போச்சுல்ல? எழுதிருங்க. எம் மகன் மேல குத்தம் இல்லைன்னு எழுதிருங்கய்யா."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேராக உட்கார்ந்தார். அந்த மரியாதையே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா இதைப் படிச்சு முடிவு பண்றவங்க உங்க முகத்தைப் பாக்கப் போறதில்ல. சோதனையில தப்பிக்கக் கூடுதலா மாத்திரை போட்டான், மாட்டிக்கிட்டதும் அம்மா தலையில போட்டான்னுதான் நினைப்பாங்க. எழுதலைன்னா காரணம் தெரியாத மயக்கம். எழுதினா ஏமாத்து. ரெண்டுல எதை எழுதினாலும் தம்பிக்குக் கஷ்டம்தான்."

"அப்ப ஒண்ணும் எழுதாதீங்கய்யா. விழவே இல்லைன்னு விட்டுருங்க. நூத்திப் பன்னெண்டுன்னு சொன்னீகளே, அதை மட்டும் எழுதுங்க." அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்னால முடியாதும்மா. பின்னால உக்காந்திருக்கவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவர்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. சரியாகத்தான் பேசுகிறார். எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். சட்டம் சரி, டாக்டர் சரி, பிள்ளை தங்கம். நடுவில் புகுந்து கெடுத்தவள் அவள் ஒருத்திதான்.

கதிரவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். ஏம்மா இப்பிடிச் செஞ்சே என்று கத்தினால் தேவலை என்றிருந்தது. அவன் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"அது யாரு மாத்திரைம்மா?"

"என்னோடதுதான்யா."

"ஒனக்குப் பிரஷரா? எப்பருந்து?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"மாத்திரை அம்புட்டும் எனக்குக் குடுத்துட்டியே, நீ என்னத்தப் போட்டே?"

"நான் எங்கய்யா போட்டேன். முகாமுக்கு மட்டுந்தான் போடுறது. தெனமும் போட்டா அது கேக்காதுல்ல."

"எந்த முகாம்? லேபிள் ஒட்டுறவுகளுக்கு எதுக்கு முகாம்?" கேட்டுக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். அவள் விரல் நகத்தடியில் எத்தனை தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும், வெடிமருந்தில் கலக்கிற அலுமினியத் தூளை அவன் பார்த்துவிட்டான். "எம்மா... நீ அந்த மருந்து அறைக்குள்ளயா ஒக்காந்துருக்கே? இத்தனை வருசமா?"

மறைக்க இனி அவளிடம் எதுவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கதிரவன் நெற்றிக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தான். "சார், நடந்ததை நடந்தபடியே எழுதிருங்க. நம்புறவுக நம்பட்டும், நம்பாதவுக போகட்டும்." அம்மா பக்கம் கையைக் காட்டினான். "இப்ப எங்கம்மாவுக்குக் கொஞ்சம் பாருங்க சார்."

டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அதே பட்டியை அவள் கையில் சுற்றினார். மகன் கையில் இறுக்கமாகப் பிடித்த பட்டி அவளுடைய குச்சிக் கையில் இன்னொரு சுற்றுப் போனது. கதிரவன் பாட்டில் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாதத்தைத் தரையில வைம்மா. மூச்சை மெதுவா விடு. ஒண்ணையும் நினைக்காத."

ஒன்றையும் நினைக்காமல் இருப்பது எப்படி? பக்கத்தில் நிற்கிறானே, நெற்றியில் கட்டோடு. இனி மேலே போகிற எந்த விமானத்துக்கு அவள் கைகாட்டுவது? ஏறாதே, ஏறாதே என்று அவள் தன் ரத்தத்திடம் கெஞ்சினாள். பட்டி உப்பிக்கொண்டே போனது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இரநூத்திப் பத்து" என்றார். "அம்மா, கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?"

வள்ளித்தாய் மகன் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையும் அவன் வயிற்றுக்குள் இருந்தது.